இருபத்துநான்கு கோப்பைகள்

நூற்றாண்டு மலருக்கு ஒரு பக்கம் கேட்டார்கள்.
"ஸ்தாபகர் வாழ்க்கைக் குறிப்பு. படத்தோடு.
நல்லதாய் எழுதும்" என்றார் தலைவர்.

லைமன் நன்னித்தம்பி.
பிறந்தது பண்டத்தரிப்பு,
புகையிலைக் குடிலுக்கும் மிஷன் கோயிலுக்கும் நடுவில்.
லைமன் என்பது
படிப்புக்குக் காசு அனுப்பிய
யாரோ ஒரு வெள்ளைக்காரரின் பெயர்.
முகம் தெரியாத மனிதரை
அறுபத்தெட்டு வருடம் முன்னால் நடக்கவிட்டு
இவர் பின்னால் நடந்தார்.

மலாயாவுக்குப் போனார். ரயில்வே கிளார்க்.
மற்றவர்கள் பென்சனோடு திரும்பினார்கள்,
இவர் காய்ச்சலோடும்
ஒரு கரப்பந்தோடும்.

பந்து முதலில் வந்தது, ஜெபம் பிறகு.
மலரில் இதைப் போட விடமாட்டார்கள்.
துலா மிதித்து, பட்டை பிடித்து,
காலில் சேறு காயுமுன்னே பெடியள் ஓடிவந்தது
சங்கீதம் கேட்கவா?
பந்து வலையில் உரசுகிற அந்தச் சத்தத்துக்கு.
விளக்கு வைத்த பிறகு
இளைத்துக்கொண்டே அவர் வாசிப்பார்,
ஒரே ஒரு அதிகாரம்.
நீளமென்றால் பாதி.

கூட்டக் குறிப்புப் புத்தகம் என்னிடம் இருக்கிறது.
வலிகாமம் முழுக்க மழையில் நடந்த அந்த ஒக்டோபரில்
அம்மா அதை அரிசிக்குள் புதைத்துச் சுமந்தா.
விரித்தால் இப்பவும் ஒன்றிரண்டு மணி உதிரும்.

செலவுப் பக்கம்:
வலை ஒன்று.
மண்ணெண்ணெய்.
எனாமல் கோப்பை, நீலக் கரை, இருபத்துநான்கு.
உறுப்பினர் அன்றைக்கு இருபத்துமூன்று.

அடுத்த கிழமை ஒரு பெயர் ஏறுகிறது.
மத்தேயு கதிரன், சீவல் தொழிலாளி மகன்.
கதிரவேலு என்று வைக்க
ஊர் விடாத கதிரன்.
கீழே, வேறு மையில்: விலகியோர் பதினொருவர்.
காரணம், "சொந்த வேலை".
பதினொரு பேருக்கும்
ஒரே வெள்ளிக்கிழமையில் சொந்த வேலை.

அதுவரைக்கும் அவன்
வேலிக்கு வெளியே பந்து பொறுக்கினான்,
சிரட்டையில் தண்ணீர் குடித்தான்.
அன்று நன்னித்தம்பி கோப்பையை அவன் கையில் கொடுத்து
மிச்சத்தைத் தான் குடித்தாராம்.
இது குறிப்பில் இல்லை, ஊர் வாயில் இருக்கிறது.
அவர் கிணற்றில் செத்த நாயைப் போட்டது யார் என்பது
ஊர் வாயிலும் இல்லை.
குறிப்பில் மட்டும் ஒரு வரி:
"கிணறு இறைத்த கூலி, ரூபா இரண்டு."

இத்தோடு நிறுத்தினால் நல்ல பக்கம்.

ஆனால் மகளுக்குக் கல்யாணம் வந்தது.
அழைப்புப் பட்டியல்
அதே புத்தகத்தின் கடைசித் தாளில்,
அதே சாய்ந்த எழுத்தில்.
சங்கத்து ஆட்கள் எல்லோரும் இருக்கிறார்கள்,
விலகிப் போன பதினொருவரும்.
மத்தேயு கதிரன்
எழுதி, வெட்டி,
மறுபடி எழுதி, வெட்டி,
பேனா குத்தித் தாள் கிழிந்திருக்கிறது.
மாப்பிள்ளை வீடு உடுவிலில் பெரிய இடமாம்.

அடுத்த சனி, வரவில் கதிரன் பெயர் இருக்கிறது.
அதற்கடுத்த சனியும்.
ஸ்தாபகரைத்தான் ஐந்து கிழமை காணவில்லை.
"சுகவீனம்."
ஆறாம் கிழமைக் குறிப்பு:
"திரு. நன்னித்தம்பி பேச எழும்பினார்.
பேசவில்லை.
நெடுநேரம் நின்றார்.
பின்பு விளையாடப் போனோம்."
ஒப்பம்: ம. கதிரன், செயலாளர்.

அந்த நாலு வரியில் ஒரு சொல்லைக் கூட்டவோ குறைக்கவோ
எனக்குத் தெரியவில்லை.
அப்படியே பெயர்த்து எழுதிக் கொடுத்தேன்.
தலைவர் மலாயாவை விட்டார், பந்தைக்கூட விட்டார்.
கல்யாணத்தில் இருந்து கீழே
சிவப்பில் ஒரு கோடு:
"இடம் போதாது."

கோப்பைகளில் ஒன்று மிச்சம்.
நீலக் கரை பாதி உரிந்து,
அடியில் துருப்பிடித்து ஒரு கண்.
சனி பின்னேரம் பெடியள் அதில்
சுண்ணாம்பு அள்ளி
மைதானத்துக்குக் கோடு போடுகிறார்கள்.
ஒழுகிக்கொண்டே போகும்.
கோடு நேராய் வராது.